காவியச் சேறு

முன்பெல்லாம் ஒரு படம் காவியம் ஆவதற்கு ஒரு தலைமுறையாவது பிடிக்கும். இப்போது வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்து ஜனங்கள் வண்டியை எடுப்பதற்குள் ஆகிவிடுகிறது. சில படங்கள் இடைவேளையிலேயே ஆகியிருக்கின்றன. ஒரு படம் போஸ்டர் ஒட்டிய அன்றே காவியமாகி, படம் வெளிவந்த பிறகுதான் அதிலிருந்து மீண்டது. எது காவியம், எது வெறும் படம் என்று மக்கள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டு போனால் நாளைக்கு வேறு எதையெல்லாம் தாங்களாகவே முடிவு செய்வார்களோ என்று அரசாங்கம் கவலைப்பட்டது. அந்தக் கவலையில் பிறந்ததுதான் திரைக்காவியத் தகுதி நிர்ணய வாரியம்.

இந்த வாரியத்துக்கும் மானாம்பதி காலனிச் சிட்டம்மாளுக்கும் சம்பந்தம் ஏற்பட நியாயமே இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள் அவள். அந்த வேலை இல்லாதபோது ஏரி வேலை. தியேட்டருக்குக் கடைசியாகப் போனது கல்யாணமான புதிதில். ஆனால் அவள் புருஷன் அருள்தாஸ் ஐப்பசி அடைமழையில் செத்துப்போனார். சம்பந்தம் அங்கே ஆரம்பித்தது.

காலனியிலிருந்து கல்லறைக்குப் போக வழி கிடையாது. பஞ்சாட்சரத்தின் நிலத்தில் இறங்கித்தான் போகவேண்டும். வெயில் காலத்தில் வரப்பு மேல் போகலாம். மழைக் காலத்தில் இடுப்பளவு தண்ணீர், அதற்கடியில் சேறு. அருள்தாஸின் பெட்டியை அப்படித்தான் தோளில் தூக்கிப் போனார்கள். காலனிப் பையன் எவனோ செல்போனில் பிடித்துப் போட்டான். அது ஊரெல்லாம் சுற்றி, சென்னையில் தினேஷ்குமார் என்ற இளம் இயக்குநரின் கண்ணில் பட்டது. அவர் வந்து, காலனியில் தங்கி, அதே நிலத்தில் 'கடைசி வரப்பு' என்ற படத்தை எடுத்தார். கெட்ட மனுஷர் இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார்.

படம் வெளிவந்து மதியத்துக்குள் காவியம் ஆயிற்று. கலெக்டர் வந்து பார்த்து, கல்லறைக்கு வழி போட உத்தரவு போட்டார். தலைமுறை தலைமுறையாக வழிவிட மறுத்த பஞ்சாட்சரத்துக்கு, பெங்களூரில் இருக்கும் சம்பந்தி போன் போட்டு, "படத்துல வர்ற அந்த நெலத்துக்காரன் நீங்கதானாமே?" என்று கேட்டுவிட்டார். அந்த வெட்கத்தில் ஓரமாக ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். மானாம்பதி காலனிக்கு முதல் தடவையாக லாரிகள் வந்தன. நிலத்தோரம் நெடுக ஜல்லியும் கிராவலும் இறங்கின. சிட்டம்மாள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் குவியல்களை நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் வாரியத்திடமிருந்து அழைப்பு வந்தது. தலையாரி வந்து வாசலில் நின்றார்.

"சிட்டம்மா, நாளைக்கு உத்திரமேரூர் கல்யாண மண்டபத்துக்கு உன்ன இட்டாற சொல்லி உத்தரவு. பெரிய ஆபீசருங்கல்லாம் வராங்க."

"இன்னாத்துக்கு? ரோடு விசயமாவா?"

"படத்து விசயமாம். நீதான் பாமரப் பார்வையாளராம்."

"அப்டீன்னா?"

"எனுக்கு இன்னா தெரியும்? நல்ல பொடவையா கட்டிகினு வா."

ரோடு விஷயமாகத்தான் இருக்கும், தலையாரிக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று சிட்டம்மாள் நினைத்துக்கொண்டாள். மகள் ஏஞ்சல் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். அவள் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள்.

மண்டபத்து மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை யாரும் அகற்றவில்லை. மாப்பிள்ளை நாற்காலியில் வாரியத் தலைவர் முனைவர் வெங்கடேசனும், பெண் நாற்காலியில் செயலர் வளர்மதியும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே முதல் வரிசையில் தினேஷ்குமார், பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையனைப் போல முழங்காலில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் எழுந்து பேசினார்.

"காவியம் என்றால் என்ன? நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த படங்கள். அவற்றுக்கு இணையானவை அதன் பிறகு வரவில்லை. அந்தப் படங்களில் ஒலி சரியாகக் கேட்காது. முகம் சரியாகத் தெரியாது. எனக்கு முன்னால் எப்போதும் ஒரு உயரமான ஆள் உட்கார்ந்திருப்பார். ஆகவே பெரும்பகுதியை நானே கற்பனை செய்துகொண்டேன். அந்தக் கற்பனை இருக்கிறதே, அதுதான் காவியம். இன்றைய படங்களில் எல்லாமே தெளிவாகத் தெரிகிறது. எல்லாம் தெரிந்துவிடுகிற ஒன்றை நாம் எப்படிப் போற்றுவது?"

ஊழியர்கள் கைதட்டினார்கள்.

"இந்த 'கடைசி வரப்பு' படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் என் நடுநிலைமை கெட்டுவிடும். ஆனால் விதிகளின்படி ஒரு தடை இருக்கிறது. இயக்குநர் காலமாகியிருப்பது விரும்பத்தக்கது. இவர் உயிரோடு இருக்கிறார். அது ஒரு குறைபாடுதான். ஆனாலும் தளர்த்திக்கொள்ளக்கூடிய குறைபாடு."

"நன்றிங்க ஐயா," என்றார் தினேஷ்குமார்.

பிறகு விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். சிட்டம்மாளுக்குப் பக்கத்தில் ஒரு ஊழியர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எப்போது அழுகிறாள் என்று கவனிப்பது அவர் வேலை. சிட்டம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் காட்சி வந்தது. மழை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் தண்ணீரில் இறங்கினார்கள். புல்லாங்குழல் ஒலித்தது. முன்னால் வலதுபுறம் ஒரு நெட்டையான நடிகர். நிஜத்தில் அந்த இடத்தில் நின்றவர் ஐசக். அருள்தாஸின் கூட்டாளி, ஒரே ஏர்க்காலில் வேலை செய்தவர். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. ஆட்கள் தள்ளாடினார்கள், நிமிர்ந்தார்கள், நடந்தார்கள். பெட்டி கரை ஏறியது.

சிட்டம்மாள் சிரித்தாள். சத்தமாக இல்லை. ஆனால் சிரித்தாள்.

பக்கத்திலிருந்த ஊழியர் பதறிப்போய்க் கையைத் தூக்கினார். படம் நின்றது. விளக்கு எரிந்தது.

"எல்லாரும் அழுத இடத்தில் நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்," என்றார் செயலர் வளர்மதி. "ஏன் சிரித்தீர்கள்?"

சிட்டம்மாள் ஏஞ்சலைப் பார்த்தாள். ஏஞ்சல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சும்மா சொல்லுங்கம்மா. படம் சரியில்லையா?"

"நல்லாத்தான் கீது மேடம். வுயாம போய்ட்டாரு, அதான்."

"யார்?"

"எங்கூட்டுக்காரரு. நெசத்துல பாதி நெலத்துல வுயுந்துட்டாரு. ஐசக்கு காலு சேத்துல மாட்டிகிச்சு. பொட்டி கவுந்து, தண்ணிக்குள்ள பூட்டாரு. அப்பால தூக்கி, மூஞ்சி கய்வி..." அவள் நிறுத்திக்கொண்டாள். "படத்துல வுயாம போய் சேந்துட்டாரு. பாக்க நல்லாருந்துது."

செல்போனில் எடுத்த பையன் அந்த இடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தான். காலனியில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐசக் அதற்குப் பிறகு சிட்டம்மாளின் வாசற்படியை மிதித்ததில்லை.

தினேஷ்குமார் எழுந்துவந்து அவள் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார்.

"அம்மா, இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே நைனா. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. பிறகு மெதுவான குரலில், "இது மட்டும் வந்திருந்தா படம் எங்கியோ போயிருக்கும்மா," என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அழவேண்டிய இடத்தில் பாமரர் சிரித்திருக்கிறார். ஒன்று, படம் தோற்றிருக்க வேண்டும். அல்லது பாமரர் தோற்றிருக்க வேண்டும். எது என்று ஆராய, சம்பவ இடத்தைப் பார்வையிடுவோம்."

மறுநாள் வாரியம் மூன்று கார்களில் மானாம்பதிக்கு வந்தது. தலைவர் நிலத்தோரம் இறங்கியவர் ஜல்லிக் குவியலைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்தார்.

"இதெல்லாம் என்ன?"

"வழி போடப் போறாங்க சார்," என்றாள் ஏஞ்சல். "கல்லறைக்கு."

"எங்கே போடப் போகிறார்கள்?"

"இதோ, இங்கதான்."

"இந்தச் சேற்றின் மீதா?" தலைவரின் குரல் நடுங்கியது. "அம்மா, இந்தப் படம் நாளைக்குக் காவியம் என்று தீர்மானமானால், இந்தச் சேறு காவியத்தின் ஒரு பகுதி. நாளைய தலைமுறை இங்கே வந்து நின்று, இந்த மக்கள் இவ்வளவு கஷ்டப்பட்டார்களா என்று வியக்க வேண்டாமா? அவர்களிடம் எதைக் காட்டுவீர்கள்? ஜல்லியையா?"

தீர்மானம் ஆகிறவரை யாரும் ஒரு கல்லைக்கூட நகர்த்தக்கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டார். வேலைக்கு வந்திருந்த ஆட்கள் கடப்பாரைகளை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். நிலத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டப்பட்டது.

பஞ்சாட்சரம் கார்களைப் பார்த்துவிட்டு, தோளில் துண்டோடு வேகமாக வந்தார். படம் வந்தபோது அதைத் தடை செய்யச் சொல்லி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஆள் திரட்டியவர் அவர். நடந்ததைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஐயா, நான் சொல்றேன் கேளுங்க. இந்த மாதிரி படம் வந்ததே இல்ல. காவியம்! என் நெலத்துல எடுத்ததுக்கு நான் புண்ணியம் பண்ணியிருக்கணும். இந்தச் சேத்த நானே காபந்து பண்றேன். எந்நேரமும் தண்ணி நிக்கிற மாரி பாத்துக்கிறேன்."

"இவரல்லவோ ரசிகர்," என்றார் தலைவர்.

சிட்டம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வளர்மதியிடம் போய்க் கேட்டாள். "மேடம், அப்போ படம் நல்லா இல்லன்னு சொல்லிட்டா வயி போட்ருவாங்களா?"

வளர்மதி பொறுமையாகவே விளக்கினார். "படம் காவியம் இல்லை என்று ஆகிவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கு. ஒரு பொழுதுபோக்குப் படத்தைப் பார்த்துவிட்டு அரசாங்கம் வழி போட முடியாது இல்லையா? கலெக்டர் உத்தரவு தானாகவே ரத்தாகிவிடும்."

"காவியம்னா?"

"காவியம் என்றால் சேறு பாதுகாக்கப்படும்."

"ரெண்டுத்துக்கும் நடுவுல எதுனா கீதா மேடம்?"

"விதிகளில் இல்லை," என்றார் வளர்மதி. அவர் முகத்தில் ஒரு கணம் சங்கடம் தெரிந்தது. பிறகு காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பஞ்சாட்சரம் காலனிக்குள்ளேயே வந்தார். அவர் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்று நின்றபடியே பேசினார்.

"சிட்டு, நீ சொல்றதுலதான் கீதாம். காவியம்னு சொல்லிடு. அருள்தாஸ் பேரு நெலைச்சு நிக்கும்."

"அவரு பேரு நிக்கட்டும் ஐயா. பொட்டி தூக்கறவன் எங்க நிக்கிறது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு வாசலில் இன்னொரு ஆள் நிழல் தெரிந்தது. ஐசக். இருமிக்கொண்டே நின்றார். உடம்பு பாதியாக இளைத்திருந்தது.

"மண்டபத்துல சொன்னியாமே," என்றார்.

சிட்டம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தாள். "கேட்டாங்க, சொல்லிட்டேன். உன்ன கொற சொல்லல."

"அது கெடக்கட்டும். படத்துல..." அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "படத்துல நான் வுயலியா?"

"வுயல. ஷ்டெடியா நடந்து போற."

ஏஞ்சல் தன் செல்போனில் அந்தக் காட்சியை எடுத்துக் கொடுத்தாள். ஐசக் உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். நெட்டை நடிகர் தண்ணீரில் கால் ஊன்றி நிமிரும் இடத்தில் அவரும் கொஞ்சம் நிமிர்ந்தார். மறுபடி, மறுபடி என்று கேட்டார். ஏஞ்சல் சலிக்காமல் போட்டுக் காட்டினாள்.

"அருளு போய் சேந்துட்டான் பாரு," என்றார் ஐசக், போனைத் திருப்பிக் கொடுக்கும்போது. சிட்டம்மாள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

வாரியம் தீர்ப்புச் சொல்வதாக இருந்த நாளன்று விடியும்போது ஐசக் இறந்துபோனார்.

முந்தின நாள் பிடித்த மழை விட்டிருக்கவில்லை. நிலம் நிரம்பி, வரப்பு எங்கே என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. காலனி ஆட்கள் ஐசக் வீட்டு வாசலில் கூடி நின்று, தண்ணீரைப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உத்திரமேரூர் மண்டபத்தில் பாமரப் பார்வையாளருக்காக வாரியம் காத்திருந்தது. தலையாரி வந்து அவசரப்படுத்தினார்.

"சிட்டம்மா, கார் அனுப்பிகீறாங்க. வா, நேரமாவுது."

சிட்டம்மாள் வீட்டுக்குள் போனாள். புடவை மாற்றத்தான் போகிறாள் என்று தலையாரி நினைத்தார். அவள் அன்னக்கூடையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நேராக நிலத்தோரம் போய், மஞ்சள் நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்து, கிராவலை வெட்டிக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

"ஏ, இன்னா பண்ற? அது காவியம்மா! கேசாயிடும்!"

"ஐசக்க தண்ணில இஸ்துகினு போவ மாட்டோம்," என்றாள் அவள். "கேசாவட்டும்."

ஏஞ்சல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். பிறகு பெண்கள் எல்லாரும் வந்தார்கள். அதற்குப் பிறகு ஆண்கள். கூடை கைமாறிக் கைமாறிப் போயிற்று. முதலில் கொட்டியதையெல்லாம் சேறு விழுங்கியது. கொட்டக் கொட்ட விழுங்கியது. பிறகு ஒரு இடத்தில் கல் மேலே நின்றது. அதன்மேல் ஏறி நின்று அடுத்ததைக் கொட்டினார்கள். ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு மேடும் பள்ளமுமாக ஒரு வழி தண்ணீருக்கு மேலே தலைகாட்டிக்கொண்டு கல்லறைவரை போயிற்று. பஞ்சாட்சரம் தூரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்று, யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் ஐசக்கின் பெட்டி போயிற்று. தூக்கியவர்கள் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள். ஒரு இடத்திலும் சாயவில்லை. கரையில் வந்து நின்ற தினேஷ்குமார் செல்போனை வெளியே எடுத்தார். சிட்டம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் போனைப் பையில் போட்டுவிட்டு, பின்னால் வந்துகொண்டிருந்தவர்களோடு சேர்ந்து நடந்தார்.

மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது வாரியத்தின் கார்கள் வந்து நின்றிருந்தன. கூடவே ஒரு ஜேசிபி. நிலம் இளகியது, வண்டி இறங்காது என்று இத்தனை வருஷம் காலனிக்குச் சொல்லப்பட்டு வந்த அதே நிலத்தில் அது ஒரு சிரமமும் இல்லாமல் இறங்கி நின்றிருந்தது.

தலைவர் கார் கதவுக்கு வெளியே ஒரு காலை மட்டும் வைத்து நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"காவியத்தின் மீது கல்லைக் கொட்டியிருக்கிறீர்கள். நாங்கள் எவ்வளவு பாடுபட்டு இந்தச் சேற்றைக் காப்பாற்ற நினைத்தோம்! இன்று படத்துக்குத் தகுதி வழங்குவதாகவே முடிவு செய்திருந்தோம் தெரியுமா? கல்லையெல்லாம் அள்ளிவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கடைசியாகக் கேட்கிறேன். உங்கள் தரப்பைப் பதிவு செய்தாக வேண்டும். இது காவியமா, இல்லையா?"

சிட்டம்மாளின் கைகள் கிராவல் கீறி ரத்தமாக இருந்தன. அவள் அவற்றைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல படம் சார். ஐசக்குக்கு புடிச்சிருந்துது. கல்ல தொடாதீங்க."

"அது பதில் ஆகாது."

"அவ்ளோதான் சார் எனுக்கு தெரியும்."

சொல்லிவிட்டு, அவள் போய் அந்த வழியின் நடுவில், ஜேசிபிக்கு எதிரே, ஈரக் கல்லின் மேல் உட்கார்ந்தாள். ஏஞ்சல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐசக்கின் பெண்சாதி, அழுது வீங்கிய முகத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து, கல்லறைவரைக்கும் பெண்கள் உட்கார்ந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

தலைவர் வெகு நேரம் யோசித்தார். பிறகு செயலரை அருகில் அழைத்தார்.

"நான் படத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். படத்தில் இந்த இடத்தில் பெண்கள் இப்படி உட்கார்ந்திருக்கிற காட்சி ஏதாவது உண்டா?"

வளர்மதி கல் மேல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "இல்லைங்க ஐயா."

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"இல்லைங்க ஐயா. பெண்கள் கரையில் நின்று அழுவார்கள். அவ்வளவுதான்."

"அப்படியானால்," என்றார் தலைவர், நிம்மதியாக மூச்சு விட்டு, "இங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள்." ஜேசிபி ஓட்டுநரை நோக்கிக் கையை அசைத்தார். "வண்டியை எடுப்பா."

ஓட்டுநர் இன்ஜினைப் போட்டார். வாளி மேலே எழுந்தது. அவர் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தார். திரும்பித் தலைவரைப் பார்த்தார். மறுபடி முன்னால் பார்த்தார். தலையை வெளியே நீட்டி, இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"சார், ஆளுங்க கீறாங்களே!"